அறுபத்தேழாம் நம்பர் நாய்

கல்லூரி முகாம்
12ஆம் தேதி, செவ்வாய் காலை

பிராணிகள் முகாம் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளத்தில் வீட்டை விட்டு வந்த முந்நூறு பேர் எங்கள் கல்லூரிக் கட்டடத்தில் தங்கியிருக்கிறார்கள். மனிதர்கள் தங்கும் இடத்தில் பிராணிகள் கூடாது என்பது சுகாதாரத் துறையின் உத்தரவு. அதனால் அவர்களுடைய நாய், பூனை, ஆடு, கூண்டுப் பறவை எல்லாவற்றையும் நேற்றும் இன்றும் படகில் உங்கள் பக்கம் அனுப்பிவிட்டோம். 1 முதல் 58 வரை சீட்டு எழுதியிருக்கிறேன். பிராணியின் கழுத்தில் ஒரு சீட்டு, உரிமையாளர் கையில் அதே எண்ணில் இன்னொன்று. எண்ணைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

ஒவ்வொருவரிடமும், "பத்திரமா திரும்பி வரும், நான் பொறுப்பு" என்று சொல்லித்தான் வாங்கினேன். சிலர் அழுதார்கள். ஒருவர் ஆட்டோடு சேர்த்து என் கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. என் வாக்கு பொய்யாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்போன் கோபுரம் விழுந்துகிடப்பதால் இனி எல்லாம் கடிதம்தான். படகு காலை ஒரு நடை, மாலை ஒரு நடை.

இங்ஙனம்,
நர்ஸ், கல்லூரி முகாம்

பி.கு.: மடித்த பிறகுதான் படகுக்காரர் சொன்னார், அங்கே பொறுப்பில் இருப்பது "சலவைக்கடை அம்மா" என்று. தெரிந்திருந்தால் வேறு யாரையாவது எழுதச் சொல்லியிருப்பேன். இன்னொரு காகிதத்தை வீணாக்க மனமில்லை.


பஸ் டிப்போ
12ஆம் தேதி, செவ்வாய் மாலை

நர்ஸம்மாவுக்கு,

"பொறுப்பாளர் அவர்களுக்கு" என்றதும் யாரோ பெரிய மனுஷிக்கு வந்த கடிதம் என்று நினைத்துப் படகுக்காரரிடமே திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். கையெழுத்து காட்டிக்கொடுத்துவிட்டது. என் நாத்தனார் ஒன்றரை வருஷம் கழித்து எனக்கு நாலு வரி எழுத, ஆறே ஊருக்குள் வர வேண்டியிருக்கிறது!

நான் எப்படிப் பொறுப்பாளர் ஆனேன் என்று உனக்கு ஆச்சரியமாக இருக்கும். எனக்கும்தான். விரிப்புக்குப் பழைய படுக்கைத் துணி கேட்டு உன் அண்ணனிடம் வந்தார்கள். மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினேன். அங்கே நாய்களை ஒன்றுக்கொன்று முகம் பார்க்கிற மாதிரி கட்டியிருந்தார்கள். காது கிழிகிற குரைப்பு. "நடுவுல அட்டைப்பெட்டியை வைங்கப்பா, ஒண்ணை ஒண்ணு பார்க்காம இருக்கட்டும்" என்றேன். அமைதியாகிவிட்டது. அவ்வளவுதான், சாவியை என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது நாய்கள் பஸ் பழுதுபார்க்கும் இடத்தில். பூனைகள் டிக்கெட் கொடுக்கும் அறையில், கூண்டுக்குக் கூண்டு போர்வை மூடி. ஆடுகள் பஸ் கழுவும் இடத்தில். எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். ஒரு கண்டக்டர், ஒரு டெய்லர், ஒரு பல் டாக்டர், மற்றவர்கள் கல்லூரிப் பெண்கள். தனியாக யாரும் உள்ளே போகக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாரும் தொடர்ந்து நிற்கக் கூடாது. நின்றால் பிராணிமேல் எரிந்து விழுகிறார்கள், பிறகு என்மேல். ஒரு வரிசைக்கு ஒரே ஆள்தான் தீனி வைக்க வேண்டும், அப்போதுதான் அந்தக் கை அவற்றுக்குப் பழகும். டெய்லருக்கு நாய் என்றால் நடுக்கம், அவரைப் பூனைக்குப் போட்டேன். பூனை அவரைக் கீறிவிட்டது. இன்றுமுதல் ஆடு.

உன் சீட்டுகளில் நிறையக் குளறுபடி. மழையில் எழுதியிருப்பாய், போகட்டும். நான் சரிசெய்துவிட்டேன். இங்கே ஒரு உயிருக்கு ஒரு எண். கடையில் நான் கொண்டுவந்து நீ கோபித்துக்கொண்ட அதே முறைதான்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவில்லை. 67ஆம் நம்பர், பழுப்பு நிறப் பெண் நாய், வயதானது. யார் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. குரைப்பதும் இல்லை. சாப்பாட்டைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. எந்த வீட்டு நாய், எப்படி வளர்ந்தது? மண்டையைக் குடைகிறது.

அண்ணி (இந்தச் சொல் மறந்திருக்காது என்று நினைக்கிறேன்)


கல்லூரி முகாம்
13ஆம் தேதி, புதன் காலை

அண்ணி அவர்களுக்கு,

மறக்கவில்லை. மறக்க முடிந்தால் நல்லதுதான்.

நீங்கள் எழுதியதால் நானும் எழுதிவிடுகிறேன். அப்பா இறந்த அன்றைக்கு, அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியில் கொண்டுவரும் வழியில் நம் கடை திறந்திருந்தது. நீங்கள் உள்ளே நின்று யாருக்கோ துணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். மூன்று மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தீர்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம்கூட ஆகவில்லை, அப்பாவின் சீட்டு முறையையும் மாற்றிவிட்டீர்கள். நான் எல்லார் முன்னாலும் பேசியது தப்பாகவே இருக்கட்டும். ஆனால் நான் பார்த்தது பொய்யில்லை.

இனி வேலை. என் சீட்டுகளில் குளறுபடி இருக்க வழியில்லை. 67 என்று நான் எழுதவே இல்லை. தெருவில் பிடித்த நாயாக இருக்கும். நர்ஸாக ஒன்று சொல்கிறேன்: கூப்பிட்டால் திரும்பாதது காது கேட்காமல் இருக்கலாம், பயத்தில் உறைந்தும் இருக்கலாம். தட்டைப் பின்னால் போட்டுப் பாருங்கள்.

எங்கள் முகாமிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். ஐம்பது வயது இருக்கும், தனியாக வந்தவர். பேச்சே இல்லை. பின்னாலிருந்து கூப்பிட்டேன், அசையவில்லை. அதிர்ச்சியில் பேச்சு நின்றுபோனது என்று குறித்துவைத்திருக்கிறேன். படகு வரும் நேரத்தில் மட்டும் வாசலில் போய் நின்று காலால் தரையை ஓங்கி ஓங்கி உதைக்கிறார். பக்கத்தில் படுப்பவர்கள், "அந்தம்மாவுக்குக் கோவம் வந்தா பயமா இருக்கு, வேற ரூம் குடுங்க" என்கிறார்கள். தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்திருக்கிறேன்.

அந்த நாய் சாப்பிட்டதா என்று எழுதுங்கள். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

நர்ஸ்


பஸ் டிப்போ
13ஆம் தேதி, புதன் மாலை

நர்ஸம்மா,

கடை விஷயத்துக்குப் பதில் எழுதப் பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன். எழுதினால் சண்டை. இங்கே எண்பது வாய்க்குத் தீனி வைக்க வேண்டும்.

சாப்பிடவில்லை. ஆனால் கேள், நீ சொன்னபடி தட்டைப் பின்னால் போட்டேன். துள்ளி எழுந்தது! காது கேட்கிறது! கால்நடை டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் காலையிலேயே காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கிப் பார்த்து, "சுத்தச் செவிடும்மா" என்று தீர்ப்பு எழுதியவர். "தரை அதிர்ந்திருக்கும், அதான்" என்றார். கண்டக்டர் விசிலை எடுத்து ஊதினார். நாய் அவரை ஒரு பார்வை பார்த்தது. இத்தனை வருஷ சர்வீஸில் எந்தப் பயணியும் தன்னை அப்படிப் பார்த்ததில்லை என்கிறார்.

அதைவிடப் பெரிய கூத்து மத்தியானம். ஆட்டுக்குத் தழை எடுக்க நாய்கள் இருக்கும் பக்கமாக வந்த டெய்லர் கரப்பான்பூச்சியைப் பார்த்து அலறி, தொம் தொம்மென்று இரண்டு தடவை தரையை மிதித்தார். கட்டாமல் விட்டிருந்த 67 எழுந்தது. நேராக அவரிடம் போனது. எதிரில் நின்று நிமிர்ந்து பார்த்தது. டெய்லர் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "அக்கா, இதைக் கூப்பிடுங்க, நான் ஒண்ணும் பண்ணலை" என்று கெஞ்சினார். இரண்டு நாளாக எத்தனை பெயர் சொல்லிக் கூப்பிட்டோம்! வராத நாய் ஒரு மிதிக்கு வருகிறது. ஏன்?

தெரிந்துகொள்ள நாள் குறைவு. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டிப்போவைக் காலி செய்து கொடுக்க வேண்டும், பஸ் ஓட வேண்டுமாம். ஆள் தெரிந்தவற்றை மார்க்கெட் கொட்டகைக்கு மாற்றிவிடுவேன். ஆள் தெரியாதவை லாரியில் எட்டு மணி நேரத் தொலைவிலுள்ள காப்பகத்துக்குப் போகும். அங்கே வளர்க்கக் கேட்பவர்களுக்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவார்கள். பிறகு யார் தேடினாலும் கிடைக்காது. 67க்கு அதுகூட இல்லை. டாக்டர் சொல்லிவிட்டார்: "சாப்பிடாத நாயை லாரியில ஏத்த மாட்டாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம். அப்புறம் ஒரு ஊசி, அதுக்கும் நிம்மதி."

ஆள் தெரியாதவை 61 முதல் 80 வரை. நாளை உன் முகாமில் மைக்கில் வாசி. நாளை மாலைப் படகில் பூனைகளையும் பறவைகளையும் அனுப்புகிறேன். கூண்டில் இருப்பவற்றை உங்கள் முகாம் வராந்தாவில் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி வந்திருக்கிறது.

அண்ணி


கல்லூரி முகாம்
14ஆம் தேதி, வியாழன் மாலை

அண்ணிக்கு,

பூனைகளும் பறவைகளும் வந்து சேர்ந்தன. படகுக்காரர் பாதி வழியில் கிளிக்குத் தன் ஊர்க் கெட்ட வார்த்தை ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டார். உரிமையாளர் மரியாதையான மனிதர், என்ன செய்வாரோ.

மைக்கில் 61 முதல் 80 வரை மூன்று தடவை வாசித்தேன். ஒரு கைகூட உயரவில்லை. எல்லாரும் தங்கள் சீட்டைப் பார்க்கிறார்கள், மடித்து வைத்துக்கொள்கிறார்கள். "எங்க ஆடு பத்திரமா இருக்குல்ல?" என்கிறார்கள். இருக்கிறது என்கிறேன்.

பேசாத அம்மாவின் பூனையும் வந்தது, 41. மடியில் வைத்துக்கொண்டு தடவிக் கொடுத்தார். அப்பாடா, இனி உதைக்க மாட்டார் என்று நினைத்தேன். பூனையைக் கீழே இறக்கிவிட்டுப் படகுக்குள் எட்டிப் பார்த்தார். பலகையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கரையில் நின்று மறுபடியும் அதே உதை. என் முன்னால் வந்து சீட்டை ஆட்டினார். "அதான் வந்துடுச்சே அம்மா" என்று பூனையைக் காட்டினேன். சீட்டை என் கையில் வைத்து அழுத்தினார், நகம் பதிகிற அளவுக்கு. எனக்கும் பொறுமை போய்விட்டது. மாத்திரையைக் கூட்டியிருக்கிறேன்.

67 பற்றி நேற்று இரவு முழுக்க யோசித்தேன். ஆலைச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்திருக்குமோ? பேச்சு கேட்காத இடம், மிதித்தால் அதிர்வு தெரியும். இங்கே ஆலைக்காரர்கள் நாலு பேர் இருக்கிறார்கள், விசாரித்தேன். யாரிடமும் நாய் இல்லை. நாளை வெள்ளிக்கிழமை. பாலில் ரொட்டியை ஊறவைத்துக் கையால் ஊட்டிப் பார்த்தீர்களா?

நான்தான்


பஸ் டிப்போ
15ஆம் தேதி, வெள்ளி காலை

சின்னவளே,

பால், ரொட்டி, கறி, என் கை, கண்டக்டர் கை, எல்லாம் பார்த்தாகிவிட்டது. தண்ணீர் மட்டும் குடிக்கிறது.

உன் ஆலை யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இன்று காலை நடந்ததைக் கேள். பல் டாக்டர் நாய் வரிசையைக் கழுவிக்கொண்டிருந்தார். தும்மலுக்குப் பயந்து வாயை இறுக்கிக் கட்டியிருந்தார், பேசினால் வெளியே கேட்காது. வழியில் நின்ற 67ஐப் பார்த்து உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினார். சட்டென்று உட்கார்ந்தது. கையை விலக்கிக் காட்டினார், விலகியது. விரலால் வா என்றார், வந்தது. எங்கள் எல்லாருக்கும் வாய் பிளந்துவிட்டது. இரண்டு நாளாகச் செவிடு, முரடு, கிழடு என்று பட்டம் கட்டிய நாய் பட்டாளத்து நாய் மாதிரி கட்டளைக்குக் கீழ்ப்படிகிறது!

அப்புறம்தான் கவனித்தேன். மற்ற நாய்கள் நம் முகத்தைப் பார்க்கும். இது கையைப் பார்க்கிறது. உள்ளே வருகிற ஒவ்வொருவருடைய கையையும் பார்த்துவிட்டுத் தலையைக் கீழே போட்டுக்கொள்கிறது. அதற்குக் காது இருக்கிறது, ஆனால் மனுஷர் குரல் என்பது அதற்குக் காற்றுச் சத்தம் மாதிரி. அதில் தனக்கு ஏதாவது இருக்கும் என்றே தெரியாது. அது வளர்ந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. கூப்பிட வேண்டுமானால் தரையைத் தட்டுகிறார்கள்.

யாருமே பேசாத வீடு எது? சந்நியாசி மடமா? புருஷன் பெண்டாட்டி சண்டையா? நம் குடும்பத்திலேயே ஒன்றரை வருஷம் தாக்குப்பிடித்தவர்கள் இருக்கிறார்கள், ஆனாலும் நாய் வளர்க்கிற அளவுக்கு முடியாதே. எனக்கு இதற்குமேல் ஓடவில்லை. கால்நடை டாக்டர் ஐந்து மணிக்குப் பெட்டியோடு வருகிறார். உனக்கு ஏதாவது ஓடினால் சீக்கிரம் எழுது.

அண்ணி


கல்லூரி முகாம்
15ஆம் தேதி, வெள்ளி, பகல் ஒரு மணி

அண்ணி, ஊசி போட விடாதீர்கள்.

படகுக்காரரைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுப்பி இதைக் கொடுத்தனுப்புகிறேன். அது அந்த அம்மாவின் நாய்.

"தரையைத் தட்டுகிறார்கள்" என்ற இடத்தில் கடிதத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் கோபத்தில் உதைக்கவில்லை அண்ணி, நாயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதிர்ச்சியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பிறவியிலேயே காது கேட்காதவர். உங்கள் டாக்டர் காது கேட்கிற நாயைச் செவிடு என்று எழுதினார். நான் காது கேட்காத மனுஷிக்கு மூளை கலங்கிவிட்டது என்று எழுதினேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் எனக்கு!

நாலு நாளாக உங்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறேனே, அவரிடம் ஒரு காகிதத்தை நீட்டத் தோன்றவில்லை. பதிவேட்டில் முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதையும் பார்த்தேன், அப்போதும் தோன்றவில்லை. இன்று நீட்டினேன். பேனாவைப் பிடுங்கிக்கொண்டு எழுதியதை அப்படியே தருகிறேன்:

"பூனை வந்துவிட்டது. நாய் எப்போது வரும்? இரண்டுக்கும் 41 என்று நீங்கள்தான் எழுதினீர்கள். பழுப்பு நிறம். இடது முன்னங்காலில் வெள்ளை. மாத்திரை வேண்டாம், தலை சுற்றுகிறது."

இரண்டுக்கும் 41. ஒரு வீட்டுக்கு ஒரு எண் அண்ணி! நான் எழுதியது அப்பாவின் முறை. ஒரு வீட்டிலிருந்து வேட்டி வந்தாலும் போர்வை வந்தாலும் ஒரே எண். சின்ன வயதிலிருந்து பழகிய கை, நாய் வந்தாலும் ஆடு வந்தாலும் அப்படியேதான் எழுதியிருக்கிறது. மொத்தம் அறுபத்தொன்பது பிராணி, ஐம்பத்தெட்டு வீடு. 61க்கு மேல் நீங்கள் எண் போட்டவற்றில் பதினொன்று ஆள் இல்லாதவை இல்லை. அந்தப் பதினொன்றுக்கும் இங்கே ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள். பட்டியலை அடுத்த தாளில் எழுதியிருக்கிறேன். ஒன்றையும் லாரியில் ஏற்றாதீர்கள்.

ஐந்து மணிக்குள் இது உங்கள் கைக்கு வர வேண்டும்.


பஸ் டிப்போ
16ஆம் தேதி, சனி காலை

சின்னவளே,

இதைக் கொண்டுவருகிறவர்களில் நாலு கால் உள்ளதை முதலில் கவனி. மீதியைப் பிறகு படி.

நேற்று நாலரைக்கே டாக்டர் வந்துவிட்டார். பெட்டியைத் திறந்து மருந்தை ஏற்றும்போது படகுக்காரர் தொப்பலாக நனைந்து உள்ளே வந்தார். கடிதத்தைப் படித்தேன். தாளை அப்படியே டாக்டர் மூக்குக்கு நேரே பிடித்தேன். அவர் படித்துவிட்டு நாயைப் பார்த்தார், தரையை இரண்டு தடவை மிதித்தார். எழுந்து வந்து அவர் எதிரில் நின்றது. மனுஷர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். பாவம், அவரும் நாலு நாளாகத் தூங்கவில்லை.

இப்போது என் தப்பு. உன் சீட்டில் இரண்டு 41, இரண்டு 17, மூன்று 30 வந்தன. இவளுக்கு எண்ணத் தெரியவில்லை, அவசரத்தில் எழுதித் தள்ளியிருக்கிறாள் என்று நினைத்தேன். மிச்சமானவற்றின் சீட்டைக் கழற்றிப் புது எண் கட்டச் சொன்னதும் நான்தான். உன்னிடம் ஒரு வரி கேட்டிருந்தால் செவ்வாய்க்கிழமையே முடிந்திருக்கும். ஏன் கேட்கவில்லை தெரியுமா? கேட்டால் சண்டை வரும் என்று. பதினாறு வருஷம் மாமாவோடு அந்தக் கடையில் உட்கார்ந்து நானும் ஒரு வீட்டுக்கு ஒரு எண்தான் கட்டினேன். எனக்காவது பொறி தட்டியிருக்க வேண்டாமா? உன்மேல் இருந்த கோபத்தில் உன் கையெழுத்தை மட்டும் பார்த்தேன், அதில் மாமாவின் கணக்கு இருந்ததைப் பார்க்கவில்லை.

லாரி எட்டு மணிக்கே வந்து நிற்கிறது. பதினொன்றையும் பிரித்து ஓரமாகக் கட்டிவிட்டேன். "இருபதுன்னு சொன்னீங்க, ஒன்பதுதான் இருக்கு" என்று ஓட்டுநர் முறைக்கிறார். அவருக்கும் கதை சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை.

நாய் இன்னும் சாப்பிடவில்லை. படகில் ஏற மறுத்தது, பல் டாக்டர் கை காட்டித்தான் ஏற்றினார். அந்த அம்மாவைப் பார்த்தால் சாப்பிடுமா? இன்றைக்கே எனக்குத் தெரிய வேண்டும். அப்புறம் அதன் பெயரையும் கேள். நாலு நாளாக நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டது என்னவோ போல இருக்கிறது.

அண்ணி


கல்லூரி முகாம்
16ஆம் தேதி, சனி மாலை

அண்ணி,

சாப்பிட்டது. அவருடைய ரொட்டி மூன்று, என்னுடையது இரண்டு, பூனைக்கு வைத்த பால்.

நடந்ததைச் சொல்கிறேன். அவர் விடிந்ததிலிருந்து கரையில் நின்றார். படகு தெரிந்ததும் காலால் உதைத்தார். முழங்கால் வரை சேறு, சத்தமே எழும்பவில்லை. நாய் படகில் எங்களுக்கு முதுகைக் காட்டி, உங்கள் பக்கம் பார்த்து நின்றது. அவர் தண்ணீரில் இறங்கிவிட்டார். "ஆழம்மா, நில்லுங்க!" என்று படகுக்காரர் கத்துகிறார், நானும் கத்துகிறேன். யாரிடம் கத்துகிறோம் என்ற புத்தி இரண்டு பேருக்கும் இல்லை. மார்பளவு தண்ணீரில் போய்ப் படகின் பக்கப் பலகையை உள்ளங்கையால் அறைந்தார். நாய் திரும்பியது. ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு குதித்தது பாருங்கள், இரண்டு பேரும் தண்ணீருக்குள். நானும் படகுக்காரரும் சேர்ந்துதான் கரையேற்றினோம்.

குரைக்காத நாய் என்று எழுதினீர்களே, கல்லூரியே வெளியே வந்து பார்க்கும்படி குரைத்தது. அவர் சேற்றில் உட்கார்ந்து, அதன் தொண்டையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். குரைப்பு நிற்கும்வரை கையை எடுக்கவில்லை. நான் அழுதுவிட்டேன், முகாம் முழுக்கப் பார்த்தது. பார்க்கட்டும்.

பெயர் கேட்டேன். பேனாவைக் கொடுத்தேன், சிரித்துவிட்டார். காது நுனியை இரண்டு விரலால் ஒரு சுண்டு சுண்டிக் காட்டினார். அதுதான் பெயராம். எழுத்தில் கிடையாது. ஒரு அச்சகத்தில் புத்தகம் பைண்டு செய்கிற வேலை அவருக்கு, ஒன்பது வருஷமாக அவரும் நாயும் பூனையும்தான் வீடு. நாயைக் கட்டிவைக்க மாடிப்படிக்கு அடியில் இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். உத்தரவு கிடக்கட்டும்.

மற்ற பத்துக்கும் ஆள் சரியாக இருக்கிறது. ஆட்டைப் பிடித்தபடி என் கையை விடாத மனிதருக்கு இரண்டு ஆடு, இரண்டும் 17. அதில் ஒன்று லாரியில் போயிருக்கும் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

அங்கிருந்து நான் கிளம்பும்போது அந்த அம்மா ஒரு தாளை என் பையில் போட்டார். "முதல் நாளே நீங்கள் கேட்டிருக்கலாம்" என்று எழுதியிருந்தது. கோபமாக எழுதவில்லை, சாதாரணமாகத்தான் எழுதியிருந்தார். எனக்குத்தான் அதை மடித்து வைக்க முடியவில்லை. நான் பார்த்ததை வைத்து நானே முடிவு கட்டி, மாத்திரையும் கொடுத்துவிட்டேன். அவரிடம் மட்டுமா அப்படிச் செய்தேன்?

அண்ணி, அன்றைக்கு ஏன் கடையைத் திறந்தீர்கள்? குத்திக்காட்டவில்லை. எனக்குத் தெரியாது, அதனால் கேட்கிறேன்.

சின்னவள்


மார்க்கெட் கொட்டகை
17ஆம் தேதி, ஞாயிறு

சின்னவளே,

உன் கடிதத்தை ஆடுகளுக்கு நடுவில் நின்றுகொண்டே படித்தேன். கடைசி வரியைப் படித்துவிட்டு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ அன்றைக்கு எல்லார் முன்னாலும், "பொணம் வீட்டுக்கு வர்றதுக்குள்ள வியாபாரம் கேக்குதா?" என்றாய். அதற்கு என்ன பதில் சொல்வது? இன்றைக்குத்தான் கேட்டிருக்கிறாய்.

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து உன் அண்ணன் போன் செய்தார். "அப்பா போயிட்டாரு. நல்ல சட்டையா ஒண்ணு எடுத்து வை." மாமாவிடம் நல்ல சட்டை ஒன்றுதான், உனக்கே தெரியும், உன் முதல் சம்பளத்தில் நீ வாங்கிக் கொடுத்த நீலச் சட்டை. அலமாரியில் இல்லை. போன வாரம் அவரே அதைத் துவைக்கக் கடைக்குக் கொண்டுபோனது நினைவு வந்தது. போய்க் கதவைத் திறந்தேன். நம் வீட்டு எண் 1. நம் வீட்டு மூட்டையில் தேடினேன், இல்லை. தன் துணி என்றால் மாமா எந்த மூட்டையில் இடம் இருக்கிறதோ அதில் செருகிவிடுவார். இருநூறு மூட்டை. ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். கதவு திறந்திருப்பதைப் பார்த்து இரண்டு பேர் துணி கேட்டு வந்தார்கள், விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை, எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். அதைத்தான் நீ வண்டியிலிருந்து பார்த்திருக்கிறாய். இரண்டரை மணிக்குச் சட்டை கிடைத்தது, யாரோ ஒரு வாத்தியார் வீட்டுப் போர்வைகளுக்கு நடுவில். அதற்குப் பிறகுதான் ஒரு துணிக்கு ஒரு எண் என்று மாற்றினேன். இன்னொரு தடவை யாருடைய சட்டைக்கும் அப்படித் தேட என்னால் முடியாது.

ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்பாய். கேள், இனி நீ எதையும் கேள். கசங்கிக் கிடந்தது, அங்கேயே இஸ்திரி போட்டேன். அழுதுகொண்டே போட்டேனா, சூட்டைப் பார்க்கவில்லை. இடது காலர் ஓரம் தீய்ந்துவிட்டது, நகம் அளவுக்கு. மடித்து மறைத்து உன் அண்ணன் கையில் கொடுத்தேன். நீ அவர் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாய். சட்டைக்காகத்தான் போனேன் என்று சொன்னால், நீ உடனே காலரைப் பார்ப்பாய் என்று சும்மா இருந்துவிட்டேன்.

அண்ணி